கடலுக்கடியில் படமெடுக்க மிரர்லெஸ் வாங்குகிறீர்களா? பாடியைக் கடைசியில் முடிவு செய்யுங்கள்

ஸ்கூபா கற்று முடித்து, அந்தமானிலோ புதுச்சேரியிலோ திருகோணமலையிலோ சில முறை இறங்கி வந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "சோனியா, கேனானா, எந்த பாடி வாங்கலாம்?" (பாடி என்றால் லென்ஸ் இல்லாத கேமரா) என்பதுதான். தரையில் படமெடுப்பவருக்கு இது சரியான கேள்வி. தண்ணீருக்குள் போகிறவர் இதைக் கடைசியில் கேட்க வேண்டும். எதைப் படமெடுக்கப் போகிறோம், அதற்கு எந்த லென்ஸ், அந்த லென்ஸுக்கு முன்னால் எந்த போர்ட், அந்த போர்ட்டை மாட்ட எந்த ஹவுசிங் (கேமராவைத் தண்ணீர் புகாமல் மூடும் பெட்டி), இவ்வளவும் முடிவான பிறகு அந்த ஹவுசிங்குக்குள் உட்காரும் பாடி எது என்று பாருங்கள். காசு வீணாகாத வழி அதுதான்.

காரணம் தண்ணீர். அது காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. ஒளி உள்ளே போகப் போக முதலில் சிவப்பு போய்விடும். 5 மீட்டரிலேயே பெரும்பகுதி காணாமல் போகும், 10 மீட்டர் வாக்கில் ஆரஞ்சு, 20 மீட்டரை நெருங்கும்போது மஞ்சளும் மங்கி, மிஞ்சுவது நீலமும் பச்சையும். பலரும் மறப்பது என்னவென்றால், இது மேலிருந்து கீழாக மட்டும் நடப்பதில்லை, பக்கவாட்டிலும் இதே கதைதான். ஒரு மீட்டர் தள்ளி நிற்கும் மீனுக்கு உங்கள் ஸ்ட்ரோப் (தண்ணீருக்கான தனி ஃபிளாஷ்) ஒளி போய், பட்டு, லென்ஸுக்குத் திரும்பி வர மொத்தம் 2 மீட்டர் தண்ணீரைக் கடக்கிறது. அதனால் எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய கேமராவாக இருந்தாலும் மூன்று மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் வருவது மங்கலான நீலப் படம்தான். கிட்டப் போக வேண்டும். கிட்டப் போக விடும் லென்ஸ் இரண்டே வகை: பெரிய காட்சியைக் கைக்கெட்டும் தூரத்திலிருந்து முழுதாக அடக்கும் வைட் ஆங்கிள், சின்ன உயிரை அருகிலிருந்து பிரேம் நிறைய எடுக்கும் மேக்ரோ. தரையில் எல்லோரும் ஆசைப்படும் 70-200, 100-400 எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.

எந்தக் கடலில் இறங்கப் போகிறீர்கள்?

சோழமண்டலக் கரையில், புதுச்சேரி டெம்பிள் ரீஃப் மாதிரியான இடங்களில், தண்ணீர் பெரும்பாலும் பச்சை. பிளாங்க்டன் நிறைய, கலங்கல் நாட்களும் நிறைய. 18 மீட்டர் ஆழத்தில் 5 மீட்டர் தூரம் தெரிந்தாலே நல்ல நாள் என்று நினைக்கும் வாரங்கள் உண்டு, திடீரென்று 20 மீட்டர் தெளிவாகத் தெரியும் நாளும் உண்டு. ஹேவ்லாக் பக்கம் (இப்போது சுவராஜ் தீவு) நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை நீலம் நன்றாகக் கிடைக்கும், பாறைத்திட்டுகளும் பெரிய மீன் கூட்டங்களும் இருப்பதால் வைட் ஆங்கிளுக்கு வேலை அதிகம். கர்நாடகத்தில் முருடேஸ்வரிலிருந்து போகும் நேத்ராணி, மழைக்காலம் முடிந்ததும் தொடங்கி மே வரை. இலங்கையில் கிழக்குக் கரைக்கு மே முதல் செப்டம்பர், கொழும்புப் பக்கத்துக் கப்பல் சிதைவுகளுக்கு நவம்பர் முதல் ஏப்ரல்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் அடிக்கடி இறங்குவது புதுச்சேரி என்றால் உங்கள் முதல் லென்ஸ் மேக்ரோவாக இருக்கட்டும். கலங்கலில்கூட 20 சென்டிமீட்டர் தூரத்தில் தண்ணீர் தெளிவுதான். வருடத்துக்கு ஒரு முறை அந்தமான் மட்டும் என்றால் வைட் ஆங்கிளில் தொடங்கலாம். இரண்டையும் முதல் நாளே வாங்கியவர்கள் இரண்டையும் அரைகுறையாகக் கற்றுக்கொள்வதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். கேமரா கையில் இல்லாமலே கடல் தரையிலிருந்து ஒரு மீட்டர் மேலே, கையை ஆட்டாமல், காலில் மாட்டிய துடுப்பால் மணலைக் கிளப்பாமல், சில நிமிடம் அசையாமல் மிதக்க உங்களால் முடியவில்லை என்றால் கேமராவுக்கு வைத்திருக்கும் பணத்தில் முதலில் பாயன்சி (மிதப்புக் கட்டுப்பாடு) வகுப்புக்குப் போங்கள். கேமரா பிடித்தவர் பவளத்தின் மேல் முழங்காலை ஊன்றிப் படமெடுப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. ஒரு கிளை பவளம் அந்த அளவுக்கு வளர வருடக்கணக்காகும், அது உடைய ஒரு நொடி போதும். பவளமும் கடற்குதிரையும் நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை, அதையும் நினைவில் வையுங்கள்.

லென்ஸும் போர்ட்டும்

போர்ட் என்பது ஹவுசிங்கின் முன்பக்கம் லென்ஸை மூடும் கண்ணாடிப் பகுதி. தட்டையானது ஒன்று, அரைக்கோளமான டோம் ஒன்று. தட்டைக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் தண்ணீரில் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், பார்வைக் கோணம் அந்த அளவுக்குக் குறுகும். மேக்ரோவுக்கு இது நல்லது, இன்னும் பெரிதாகவே கிடைக்கிறது. வைட் லென்ஸுக்குக் கெடுதல். கோணமும் போய், ஓரங்களில் நிறம் பிரிந்து இழுபடும். அதனால் வைட் லென்ஸ் என்றால் டோம்.

டோமில் ஒரு விஷயத்தைக் கடைக்காரர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. தண்ணீரில் டோம் ஒரு லென்ஸ் மாதிரி வேலை செய்து, தூரத்தில் இருக்கும் காட்சியைக்கூடக் கண்ணாடிக்குச் சற்று முன்னால் மாயபிம்பமாகக் கொண்டுவந்து வைத்துவிடும். அந்தத் தூரம் ஏறக்குறைய டோமின் ஆரத்தைப் போல் மூன்று மடங்கு. ஆறு அங்குல டோம் என்றால் ஆரம் ஏழரை சென்டிமீட்டர், ஆக உங்கள் கேமரா போகஸ் பண்ணுவது கண்ணாடிக்கு முன்னால் 22, 23 சென்டிமீட்டரில் இருக்கும் பிம்பத்தை. கிட்டத்தில் அரை மீட்டருக்குக் குறைவாக போகஸ் ஆகாத லென்ஸை இதற்குள் மாட்டினால் எதுவுமே கூராக வராது. லென்ஸ் வாங்கும் முன் குறைந்தபட்ச போகஸ் தூரத்தைப் பாருங்கள். 25 சென்டிமீட்டர் அல்லது அதற்குக் கீழ் இருந்தால் நிம்மதி. அந்தப் பிம்பம் வளைந்தும் இருக்கும், அதனால்தான் டோமில் மூலைகள் மழுங்குகின்றன. பெரிய டோமும் சிறிய அப்பர்ச்சரும்தான் (லென்ஸின் ஒளித்துளை, எஃப் எண் கூடக் கூட அது சுருங்கும்) அதற்கு மருந்து. பெரிய சென்சார் கொண்ட புல் பிரேமில் எஃப்/11, எஃப்/13 வரை போக வேண்டிவரும், அதைவிடச் சிறிய சென்சாரான ஏபிஎஸ்-சியில் எஃப்/8, எஃப்/9, இன்னும் சிறியதான மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் எஃப்/5.6 அல்லது எஃப்/7.1 போதும்.

ஃபிஷ்ஐ லென்ஸ் இந்தத் தொல்லையை நன்றாகத் தாங்கும், நாலு அங்குலச் சின்ன டோமிலேயே அழகாக வரும், பாறைக்கு ஒரு சாண் தூரம் வரை போகலாம். கடலுக்குள் நேர்க்கோடுகள் குறைவு என்பதால் அதன் வளைவு கண்ணை உறுத்தாது. கப்பல் சிதைவில் மட்டும் கம்பமும் படிக்கட்டும் வளைந்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு, முதல் செட்டுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: கேமராவோடு வரும் சாதாரண கிட் லென்ஸை ஒரு தட்டை போர்ட்டுக்குள் வைத்து, அதன் முன்னால் தண்ணீருக்குள்ளேயே மாட்டிக் கழற்றக்கூடிய வெட் லென்ஸ். நாட்டிகாமின் டபிள்யூடபிள்யூஎல்-1 போன்றவை 28 மி.மீ. அளவிலான கிட் லென்ஸை 130 டிகிரிக்கு விரித்துவிடும். சோனி புல் பிரேமின் 28-60, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸின் 14-42 இரண்டும் இதற்குப் பேர் போனவை. அதே டைவில் வைட் வெட் லென்ஸைக் கழற்றி ஆர்மில் (ஸ்ட்ரோப்பைத் தாங்கும் கை) இருக்கும் ஹோல்டரில் மாட்டிவிட்டு, மேக்ரோ வெட் லென்ஸைப் போட்டால் நுடிபிராங்க் (ஓடில்லாத கடல் நத்தை) எடுக்கலாம். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. இறங்கியதும் வெட் லென்ஸுக்கும் போர்ட்டுக்கும் நடுவில் காற்று சிக்கியிருக்கும். லென்ஸை ஒரு நொடி தளர்த்தி, சாய்த்து, அந்தக் குமிழியை வெளியே விட்டு மறுபடி மாட்ட வேண்டும். விடாவிட்டால் படத்தின் மேல் பாதி மங்கல்.

மேக்ரோவில் நீளமான லென்ஸ் என்றால் தூரத்திலிருந்தே எடுக்கலாம் என்று ஆசை வரும். கலங்கல் தண்ணீரில் அந்தத் தூரமே எதிரி. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் ஒலிம்பஸ் 60 மி.மீ. மேக்ரோ, புல் பிரேமில் 90 அல்லது 100 நன்றாக இருக்கும். சோனி 90 அருமையான கூர்மை, ஆனால் ஏபிஎஸ்-சி பாடியில் போட்டால் 135 மாதிரி ஆகிவிடும், புதுச்சேரிப் பச்சையில் மூச்சு முட்டும்.

ஹவுசிங், அப்புறம் பாடி

ஹவுசிங் குறிப்பிட்ட ஒரு பாடிக்கென்றே அச்சு போட்டது. பட்டன் ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் பொருந்தாது. கேமராவின் அடுத்த மாடல் வந்ததும் மாற்றலாம் என்று நினைத்தால் ஹவுசிங்கையும் சேர்த்து மாற்ற வேண்டும், அதன் விலை பாடி விலைக்குச் சமம், பல சமயம் அதற்கும் மேல். இறக்குமதி வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். போர்ட், ஜூம் கியர், ட்ரே, ஆர்ம், ஸ்ட்ரோப் எல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது பாடிக்குப் போவது மொத்தத்தில் ஒரு சிறிய பங்குதான். அதனால் இரண்டு தலைமுறை பழைய பாடி, அதற்கான ஹவுசிங், போர்ட்டோடு செட்டாக விற்பவரிடம் வாங்குவது புத்திசாலித்தனம். அந்தப் பாடியில் இருக்கும் குறைகள் எதுவும் தண்ணீருக்குள் உங்கள் படத்தைத் தடுக்கப் போவதில்லை.

சீஃபிராக்ஸ் பாலிகார்பனேட் ஹவுசிங்குகள் விலை குறைவு, சால்ட்டட் லைன் வகை 40 மீட்டர் வரை தாங்கும். பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லையே 40 மீட்டர்தான், ஓப்பன் வாட்டர் சான்றிதழுக்கு 18, அட்வான்ஸ்டுக்கு 30, அதனால் ஆழம் பற்றிக் கவலை வேண்டாம். ஐக்கலைட் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக், 60 மீட்டர். உள்ளே தண்ணீர் கசிந்தால் கண்ணாலேயே பார்க்கலாம். நாட்டிகாம், ஐசோட்டா போன்றவை அலுமினியம். நாட்டிகாம் 100 மீட்டர். அலுமினியத்துக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் ஆழத்துக்காக என்று நினைக்க வேண்டாம். தடித்த கையுறையோடு, மீனிலிருந்து கண்ணை எடுக்காமல், கட்டைவிரலால் போகஸ் நெம்பையும் ஆள்காட்டி விரலால் ஷட்டரையும் தேடாமல் தொட முடிகிறதே, காசு அதற்குத்தான். கடையில் கையில் எடுத்துப் பார்க்க முடிந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்), அப்பர்ச்சர், ஷட்டர் மூன்றையும் மாற்றிப் பாருங்கள். முடியவில்லை என்றால் வேறு ஹவுசிங்.

சரி, பாடி. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் (ஒலிம்பஸ் வழிவந்த ஓஎம்-1, பழைய ஈ-எம்1 வரிசை, பானசோனிக் ஜிஎச் வரிசை) சின்ன டோமோடு திருப்தியாக வேலை செய்யும், டெப்த் ஆஃப் ஃபீல்டு (முன்னும் பின்னும் கூராகத் தெரியும் அளவு) தானாகக் கிடைக்கும், சென்னையிலிருந்து போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) விமானத்தில் 7 கிலோ கைப்பைக்குள் முக்கால்வாசி அடங்கும். ஏபிஎஸ்-சியில் சோனி ஏ6400, ஏ6700, கேனான் ஆர்7 நல்லவை. புல் பிரேம் (சோனி ஏ7 IV, கேனான் ஆர்6 மார்க் II, நிக்கான் இசட்8) வாங்கினால் பெரிய டோம், பெரிய எடை, சின்ன அப்பர்ச்சர் எல்லாம் கூடவே வரும். அப்பர்ச்சரைச் சுருக்கி ஐஎஸ்ஓவை ஏற்றும்போது பெரிய சென்சாரின் லாபத்தில் பாதி கரைந்துவிடுகிறது. அச்சுக்குக் கொடுப்பவர், பெரிதாகக் கிராப் செய்கிறவர் என்றால் அது வேறு விஷயம்.

பாடியில் பார்க்க வேண்டியவை என் கணக்கில் மூன்று. முதலாவது ஃபிளாஷ் சிங்க் வேகம், அதாவது ஸ்ட்ரோப் வேலை செய்யும் அதிகபட்ச ஷட்டர் வேகம். 1/250 இருந்தால் சூரியனை பிரேமுக்குள் வைக்கும்போது கதிர்களை அடக்கலாம். ஏ6400, ஏ6700, ஏ7சி II மூன்றிலும் 1/160 தான், சூரியன் வெள்ளைக் கட்டியாகப் பரவும். இரண்டாவது ஆட்டோபோகஸ், முக்கியமாக மேக்ரோ லென்ஸோடு, மங்கிய ஒளியில். மூன்றாவது, ஸ்ட்ரோப் இல்லாமல் இயல்பொளியில் வீடியோ எடுக்கிறவருக்கு ஆழத்தில் கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகவே காட்டும் நிறச் சரிசெய்தல்) எடுக்க முடிகிறதா என்பது. கேனானும் ஒலிம்பஸும் இதில் கெட்டி, பழைய சோனி பாடிகள் சில நிற அளவில் 9900 கெல்வினில் முட்டி நின்றுவிடும். மெகாபிக்சல் இந்தப் பட்டியலிலேயே இல்லை. வருடத்துக்கு நாலு டைவ்தான் என்றால் இதெல்லாம் வேண்டாம், ஒலிம்பஸ் டிஜி-6 அல்லது ஓஎம் சிஸ்டம் டிஜி-7 காம்பாக்டை அதன் ஹவுசிங்கோடு வாங்கிக்கொள்ளுங்கள், மேக்ரோவில் அது பெரிய கேமராக்களை வெட்கப்பட வைக்கும்.

வெளிச்சம்

மார்கழி மூடுபனியில் ஹைபீம் போட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு பேக்ஸ்கேட்டர் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. லென்ஸுக்கு முன்னால் மிதக்கும் துகள்கள் மேல் ஒளி நேராகப் பட்டால் படம் முழுக்க வெள்ளைப் புள்ளி. கேமராவின் சொந்த ஃபிளாஷ் இதற்காகத்தான் உதவாது. லென்ஸிலிருந்து தள்ளி, ஆர்மில் மாட்டிய ஸ்ட்ரோப் வேண்டும்.

மேக்ரோவுக்கு ஒன்று போதும். வைட் ஆங்கிளுக்கு இரண்டு. இனான் இசட்-330, சீ அண்ட் சீ ஒய்எஸ்-டி3 இரண்டுமே நாலு ஏஏ பேட்டரியில் ஓடுபவை, எனெலூப் மாதிரி ரீசார்ஜ் ஆகும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்களைப் போடுங்கள். ஸ்ட்ரோப்பைத் தூண்டுவது ஃபைபர் ஆப்டிக் கேபிள். கேபிளின் மறுமுனையில் ஒரு மின்னல் வேண்டும். ஏ6400-இல் பாப்-அப் ஃபிளாஷ் உண்டு, ஹவுசிங்குக்குள் அது எழும்ப இடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, மேனுவலில் ஆகக் குறைந்த சக்தியில் வைத்தால் சூடாகாமல் சீக்கிரம் தயாராகும். ஏ6700, ஆர்7, ஓஎம்-1, ஏ7 IV எதிலும் சொந்த ஃபிளாஷ் கிடையாது, கேமராவின் மேலுள்ள ஹாட் ஷூவில் மாட்டும் எல்இடி டிரிக்கர் தனியாக வாங்க வேண்டும். பட்ஜெட் போடும்போது விட்டுப்போகும் பொருள் இது.

வைட் எடுக்கும்போது ஸ்ட்ரோப் இரண்டையும் கைப்பிடிகளுக்கும் பின்னால் இழுத்து, பக்கவாட்டில் நன்றாக அகட்டி, முகத்தை லேசாக வெளிப்பக்கம் திருப்புங்கள். ஒளிக்கூம்பின் நடுப்பகுதி வீணாகிறதே என்று தோன்றும். விளிம்பு மட்டும் மீனைத் தொட்டால் போதும், நடுவில் இருக்கும் தண்ணீர் இருட்டாகவே இருக்கும், புள்ளி விழாது. எவ்வளவு தூரத்திலிருந்து எடுக்கிறீர்களோ ஏறக்குறைய அவ்வளவு தூரம் ஸ்ட்ரோப்பும் பக்கவாட்டில் தள்ளியிருக்கட்டும். மேக்ரோவில் இதற்கு நேர்மாறு, ஸ்ட்ரோப்பைப் போர்ட் ஓரத்துக்கே கொண்டுவந்து, மேலிருந்து 45 டிகிரியில் சாய்த்துவிடலாம்.

வீட்டிலேயே செய்ய வேண்டிய செட்டிங்

ஹவுசிங்குக்குள் போட்டு மூடிய பிறகு மெனுவுக்குள் அலைவது கொடுமை, அதனால் இதை முந்தைய நாளே முடியுங்கள். முதலில் கண் சென்சார். வியூஃபைண்டருக்கு அருகில் இருக்கும் சென்சார் ஹவுசிங்கின் பின்சுவரைக் கண் என்று நினைத்துத் திரையை அணைத்துவிடும், கடலுக்குள் கருப்புத் திரையை வெறித்துப் பார்க்க வேண்டியதுதான். தானியங்கியை நிறுத்திவிட்டு, பின்திரை மட்டும் என்று வையுங்கள். ஏஎஃப் உதவி விளக்கை அணையுங்கள், அது ஹவுசிங் சுவரில்தான் அடிக்கும். தானாக அணையும் நேரத்தைக் கூட்டுங்கள். வைஃபை, புளூடூத் அணையட்டும். ராவ் கோப்பாக (சென்சார் பதிந்ததை அப்படியே வைப்பது) எடுங்கள். மிகை ஒளிப் பகுதி மினுக்கும் எச்சரிக்கையும் ஹிஸ்டோகிராமும் (படத்தின் ஒளி அளவுகளைக் காட்டும் வரைபடம்) வேண்டும், ஏனென்றால் இருண்ட தண்ணீரில் திரை எப்போதும் உண்மையைவிடப் பிரகாசமாகத் தெரிந்து ஏமாற்றும்.

அடுத்தது மிரர்லெஸ்ஸுக்கே உரிய சிக்கல். மேக்ரோவுக்கு எஃப்/16, 1/200, ஐஎஸ்ஓ 100 என்று வைத்தால், ஸ்ட்ரோப் அடிக்கப் போகிறது என்பது திரைக்குத் தெரியாது, நீங்கள் வைத்த எக்ஸ்போஷரை அப்படியே காட்டிக் கருப்பாகிவிடும், போகஸ் எங்கே என்றே தெரியாது. இதை நிறுத்தும் வசதி எல்லாப் பாடியிலும் உண்டு: சோனியில் லைவ் வியூ டிஸ்பிளேயில் செட்டிங் எஃபெக்ட் ஆஃப், கேனானில் எக்ஸ்போஷர் சிமுலேஷனை முடக்குவது, ஒலிம்பஸில் லைவ் வியூ பூஸ்ட். வைட் எடுக்கும்போது இதற்கு எதிர்மாறாக வேண்டும், நீலம் எந்த அளவில் வருகிறது என்று எடுக்கும் முன்னரே திரையில் பார்ப்பதுதான் மிரர்லெஸ்ஸின் பெரிய வரம். அதனால் இந்த ஒன்றை எளிதில் எட்டும் ஒரு பட்டனில் வையுங்கள். போகஸை ஷட்டரிலிருந்து பிரித்துக் கட்டைவிரல் நெம்புக்கு மாற்றிவிடுங்கள்.

மேனுவல் முறையில் எடுப்பதன் தத்துவம் ஒன்றே ஒன்று. ஒரே படத்தில் இரண்டு எக்ஸ்போஷர் இருக்கிறது. பின்னால் தெரியும் தண்ணீர் சூரியன் கொடுப்பது, அதை ஷட்டர் வேகத்தால் கூட்டிக் குறைக்கலாம். முன்னால் இருக்கும் மீனும் பவளமும் ஸ்ட்ரோப் கொடுப்பது, ஸ்ட்ரோப் மின்னல் ஆயிரத்தில் சில பங்கு நொடிக்குள் முடிந்துவிடுவதால் ஷட்டர் வேகம் அதைத் தொடாது, அப்பர்ச்சரும் ஸ்ட்ரோப் சக்தியும்தான் தொடும். நேத்ராணியில் ஒரு சிங்க மீன் பாறை விளிம்பில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஸ்ட்ரோப்பை அணைத்து, எஃப்/8, ஐஎஸ்ஓ 320 வைத்து, கேமராவைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்துத் தண்ணீரை மட்டும் பாருங்கள், 1/60-இல் வெளிறிப் போகும், 1/125-இல் நீலம் உட்காரும், 1/200-இல் ஆழ்ந்த நீலம். பிடித்ததில் நிறுத்துங்கள். இப்போது ஸ்ட்ரோப்பை பாதி சக்தியில் போட்டு மீனை எடுங்கள். செதில் வெள்ளையாக மினுக்கினால் ஸ்ட்ரோப் சக்தியைக் குறையுங்கள், ஷட்டரைத் தொடாதீர்கள். மீன் இருட்டாக இருந்தால் சக்தியைக் கூட்டும் முன் இன்னும் ஒரு சாண் கிட்டப் போக முடியுமா என்று பாருங்கள். சிங்க மீன் அசையாமல் நிற்கும் என்பதால் பழக நல்ல மாடல், முதுகு முள்ளில் விஷம் என்பதால் கிட்டே போவதிலும் ஓர் அளவு உண்டு.

புதுச்சேரிப் பச்சையில் பின்னணியை வெளுக்க விடாமல், ஷட்டரைக் கூட்டி அடர்ந்த பச்சையாகவே விடுங்கள், அந்த நிறத்துக்கு ஓர் அழகு உண்டு. அதைக் கணினியில் நீலமாக மாற்றப் போராடுவது எனக்குப் பிடிப்பதில்லை. ஸ்ட்ரோப் போடும்போது ஒயிட் பேலன்ஸ் ஆட்டோ அல்லது 5000 கெல்வின் பக்கம் போதும். ஸ்ட்ரோப் இல்லாமல் எடுத்தால் வெள்ளை சிலேட்டையோ மணலையோ காட்டிக் கஸ்டம் எடுங்கள், ஐந்து மீட்டர் ஆழம் மாறும்போதெல்லாம் மறுபடி எடுங்கள். சிவப்பு ஃபில்டரையும் ஸ்ட்ரோப்பையும் ஒன்றாகப் போடக்கூடாது.

மூடுவது

ஹவுசிங்கை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைக் கடற்கரையிலோ படகிலோ வைத்துத் திறக்காதீர்கள். முந்தைய இரவே ஏசி அறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, கையைக் கழுவித் துடைத்துவிட்டு உட்காருங்கள். ஏசி அறையின் உலர்ந்த காற்று உள்ளே அடைபட்டால் மறுநாள் குளிர்ந்த தண்ணீரில் போர்ட் உள்பக்கம் ஆவி படியாது. கூடவே ஒரு சிலிகா ஜெல் பையும் போடலாம்.

ஓ-ரிங்கை எடுக்க ஊசி, கத்தி எதுவும் வேண்டாம். இரண்டு விரலால் பள்ளத்தின் ஓரமாக அழுத்தித் தள்ளினால் ஓரிடத்தில் வளைந்து மேலே எழும்பும், அங்கே பிடித்து எடுங்கள். விரல் நுனிகளுக்கு நடுவே மெதுவாக முழு வட்டமும் ஓட விடுங்கள், மணல் துணுக்கோ வெட்டோ இருந்தால் கண்ணுக்குத் தெரியும் முன் விரலுக்குத் தெரிந்துவிடும். பள்ளத்தை நூல் பிரியாத துணியால் துடையுங்கள். பஞ்சுக் குச்சி தன் பஞ்சையே அங்கு விட்டுவிட்டுப் போகும். கிரீஸ் பளபளப்பு தெரியும் அளவுக்கு மட்டும், கட்டி கட்டியாக இருக்கக்கூடாது. தண்ணீரைத் தடுப்பது கிரீஸ் என்று பலர் நினைக்கிறார்கள். தடுப்பது ரப்பர்தான், கிரீஸ் அது நெளியாமல் வழுக்கி உட்கார உதவுகிறது, அதிகம் போட்டால் முடியையும் தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஹவுசிங் தயாரிப்பாளர் கொடுத்த கிரீஸை மட்டும் போடுங்கள், ரப்பரின் வகைக்குப் பொருந்தாத கிரீஸ் அதை ஊதிப் பெருக்கிவிடும். மூடும் முன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்து ஒரு சுற்று பாருங்கள், ஒற்றை முடி கிடந்தாலும் நிழல் காட்டிக்கொடுக்கும். லென்ஸ் மூடியை எடுத்தீர்களா, மெமரி கார்டு உள்ளே இருக்கிறதா, அதையும் இப்போதே பாருங்கள்.

வாக்யூம் வசதி (உள்காற்றை இழுத்துக் கசிவைச் சோதிப்பது) இல்லாத ஹவுசிங் என்றால் தனியாக வால்வும் பம்பும் வாங்கிப் பொருத்துங்கள், இதில் சிக்கனம் வேண்டாம். பம்பால் காற்றை இழுத்துப் பச்சை விளக்கு வந்ததும் குறைந்தது அரை மணி நேரம் விடுங்கள், இரவு முழுக்க விட்டால் இன்னும் நல்லது. பச்சையாகவே இருந்தால் தரையிலேயே தெரிந்துவிட்டது, கசிவு இல்லை. ஏசி அறையிலிருந்து வெயிலுக்கு வந்ததும் உள்ளே காற்று விரிந்து அழுத்தம் மாறும் என்பதால், சந்தேகம் வந்தால் வெளியே ஒரே வெப்பத்தில் சற்று நேரம் விட்டு மறுபடி பாருங்கள். புது ஹவுசிங்கின் முதல் டைவ் கேமரா இல்லாமல். உள்ளே ஒரு டிஷ்யூ தாளும் மிதக்காமல் இருக்க எடையும் வைத்து இறக்கி, மேலே வந்ததும் தாள் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இறங்கும் நாள்

படகில் கேமராவை ஈரத் துணி போர்த்தி நிழலில் வையுங்கள். கேமராவோடு குதிக்காதீர்கள். நீங்கள் இறங்கிய பிறகு படகுக்காரரிடம் கேட்டு வாங்குங்கள், அவரிடம் எந்தக் கைப்பிடியைப் பிடிக்க வேண்டும் என்று முன்பே காட்டிவிடுங்கள், ஸ்ட்ரோப் ஆர்மைப் பிடித்துத் தூக்கிவிடுவார்கள். ஒரு மீட்டர், இரண்டு மீட்டரில் நின்று ஹவுசிங்கைச் சுற்றிப் பாருங்கள். மூடும் இடுக்கிலிருந்து விடாமல் குமிழி வந்தால் அப்படியே திரும்பக் கொடுத்துவிடலாம். ஆழத்தில் கசிவு எச்சரிக்கை அடித்தால் போர்ட் கீழ்நோக்கி இருக்கும்படி பிடியுங்கள், வந்த தண்ணீர் டோமுக்குள் தேங்கும், பாடியைச் சீக்கிரம் எட்டாது. அதற்காக மேலே பாய்ந்துவிடாதீர்கள். 5 மீட்டரில் மூன்று நிமிட சேஃப்டி ஸ்டாப் செய்துவிட்டே ஏறுங்கள், கேமரா போனால் போகட்டும்.

முதல் டைவுக்கு 6, 8 மீட்டர் மணல் தரை போதும். மீனைத் துரத்த வேண்டாம், ஒரு கல்லையோ கூட டைவ் செய்யும் துணைவரின் துடுப்பையோ வைத்து மேலே சொன்ன இரண்டு எக்ஸ்போஷரையும் பழகுங்கள். கேமரா வைத்திருப்பவர் காற்றுமானியைப் பார்க்க மறப்பது சாதாரணம், அதனால் சில படங்களுக்கு ஒரு முறை மானியையும் துணைவரையும் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மேலே வந்ததும் நல்ல தண்ணீரில் அரை மணி ஊற வைத்து, எல்லா பட்டனையும் நெம்பையும் உள்ளேயே அழுத்தி அழுத்தி விடுங்கள், உப்பு காய்ந்து உறைந்தால் ஸ்பிரிங் இறுகிவிடும். டைவ் கடையின் பொதுத் தொட்டியில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், வெயிட் பெல்ட்டோடு யாராவது மேலே ஒரு ரெகுலேட்டரைப் போடுவார்கள், டோமில் கீறல் விழும். திறக்கும் முன் ஹவுசிங்கையும் உங்கள் தலைமுடியையும் துவட்டிக்கொள்ளுங்கள்; கேமராவுக்குள் விழும் தண்ணீரில் ஒரு பங்கு தலையிலிருந்து சொட்டுவதுதான். விமானத்துக்குக் கிளம்பும்போது லித்தியம் பேட்டரிகள் கைப்பையில் போக வேண்டும், ஹவுசிங்கின் வால்வைத் திறந்தே விடுங்கள், இல்லையென்றால் அழுத்த வேறுபாட்டில் இறங்கியபின் திறக்க வராது. சீசன் முடிந்து மாதக்கணக்கில் அலமாரியில் வைக்கும்போது மெயின் ஓ-ரிங்கைக் கழற்றி ஒரு ஜிப் பையில் போட்டு ஹவுசிங்குக்குள்ளேயே வைத்து, கதவைப் பூட்டாமல் லேசாகச் சாத்திவிடுங்கள், ஸ்ட்ரோப் செல்களையும் மறக்காமல் வெளியே எடுத்துவிடுங்கள்.